டயல் டோன் வரலையா? பழைய கேம் கன்சோல் மோடம்களை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ட்ரீம்காஸ்ட் மோடம், சாட்டர்ன் நெட்லிங்க், மெகா டிரைவ் எக்ஸ்பேண்ட் மாதிரி, செகாவின் பழைய கன்சோல்களில் மாட்டி டெலிபோன் லைன் வழியாக விளையாட வைத்த சாமான்களை வாங்கி, செருகிப் பார்த்துவிட்டு, "செத்த பொருளைத் தலையில் கட்டிட்டான்" என்று விற்றவனைத் திட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். நான் பார்த்தவரை மோடமே செத்திருப்பது அபூர்வம். அது எந்த டெலிபோன் லைனை நம்பிச் செய்யப்பட்டதோ அந்த லைன்தான் இப்போது வீட்டில் இல்லை. செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்தாச்சு, நம்ம வேலூரில் 0416 போட்டு லேண்ட்லைன் எண் வைத்திருந்த வீடுகளில் பாதிப் பேர் எப்போதோ சரண்டர் செய்துவிட்டார்கள், போன் கம்பி செருகும் ரோசெட் டப்பா மட்டும் சுவரில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் கொண்டுபோய் 1999-ல் செய்த மோடத்தைச் செருகினால் அது என்னதான் செய்யும்?

அதனால் வரிசை இதுதான்: முதலில் கரன்ட், அப்புறம் செருகும் இடம், அப்புறம் லைன், கடைசியில்தான் மோடம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், வாங்கிய அன்றைக்கே ஸ்குரூவைக் கழற்றிவிடுகிறார்கள்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். மல்டிமீட்டர், பட்டன் வைத்த சாதாரண போன் ஒன்று, நல்ல ஆர்ஜே11 கம்பி (போனைச் சுவரில் செருகும் கம்பி) இரண்டு, 9 வோல்ட் பேட்டரி, காதுக்குப் போடும் பஞ்சுக் குச்சி, ஐசோபுரோபைல் ஆல்கஹால். ஆல்கஹால் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி அடிக்கு ஒரு மெடிக்கல் ஷாப் இருப்பதால் நம்ம ஊரில் ஸ்பிரிட் கிடைப்பதற்குப் பஞ்சமில்லை, ஆனால் காயத்துக்குத் தடவும் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலப்பு அதிகம், அதைக் கனெக்டரில் தடவாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 99 சதவீதம் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இங்கே இல்லையென்றால் காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், அவ்வளவுதான்.

ஆன் செய்தால் ஒன்றுமே இல்லை, அல்லது ஆன் செய்ததும் கருகிய வாசனை

வாசனை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்ற ஆசையே வேண்டாம். ஜப்பான் பொருள் 100 வோல்ட், அமெரிக்கப் பொருள் 120 வோல்ட், நம்ம சுவரில் இருப்பது 230. பிளக் முனை மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் நெட்டில் வாங்கிய ஜப்பான் ட்ரீம்காஸ்டை அப்படியே சுவரில் செருகிப் புகைத்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

வோல்டேஜ் சரியாக இருந்தாலும் முனை தப்பாக இருக்கலாம். கடையில் கிடைக்கும் 9 வோல்ட் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். நின்டெண்டோவின் ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம், செகாவின் மெகா டிரைவ் முதல் மாடல் எல்லாவற்றுக்கும் நடுமுனை நெகட்டிவ். மெகா டிரைவ் இரண்டாம் மாடலுக்கு மறுபடியும் நடுமுனை பாசிட்டிவ், 10 வோல்ட். ஒரே கம்பெனி, ஒரே கன்சோல், இரண்டு மாடலுக்கு இரண்டு விதம். அடாப்டர் மேலே இருக்கும் வட்டம் போட்ட படத்தை நம்புங்கள், கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

கன்சோல் ஆன் ஆகிறது, ஆனால் விளையாடும்போதோ கனெக்ட் ஆகிக்கொண்டிருக்கும்போதோ தானாக ரீசெட் ஆகிறது, அதுவும் ட்ரீம்காஸ்டில் மட்டும் என்றால், மோடம் பக்கமே போகாதீர்கள். உள்ளே பவர் சப்ளை போர்டு மெயின் போர்டோடு சேரும் இடத்தில் நிற்கும் பின்களில் களிம்பு ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டு, பவர் போர்டை மேலே தூக்கி, பின்களை ஆல்கஹாலில் துடைத்து, லேசாக நிமிர்த்திவிட்டு மறுபடி உட்காரவைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கொஞ்ச நேரம் விடச் சொல்வது சும்மா இல்லை. 230 வோல்ட் மாடலில் அந்தப் பெரிய கபாசிட்டரில் 325 வோல்ட் வரைக்கும் நிற்கும், விரல் பட்டால் ஆளைத் தூக்கி எறியும்.

கன்சோல் ஓடுகிறது, மோடத்தைக் கண்டுகொள்ளவே இல்லை

தொண்ணூறு சதவீதம் அழுக்கு. வேலூர்த் தூசியும் வெயிலும் சேர்ந்து கனெக்டர் மேல் ஒரு படலம் போட்டுவிடும், பரணில் கிடந்த பொருள் என்றால் கேட்கவே வேண்டாம். சாட்டர்ன் கார்ட்ரிட்ஜ் ஸ்லாட் பிறவியிலேயே தகராறு பிடித்தது. நெட்லிங்க் அந்த ஸ்லாட்டில்தான் உட்கார வேண்டும், ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் தெரியாது. பஞ்சில் ஆல்கஹால் தொட்டுக் கார்ட்ரிட்ஜ் விளிம்பைத் துடையுங்கள், பஞ்சு கருப்பாக வருவது நிற்கிற வரைக்கும் துடையுங்கள், காய்ந்ததும் நாலைந்து முறை செருகி எடுங்கள். மணல் காகிதம் போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம், தங்க முலாம் ஒரு தடவை போனால் திரும்பி வராது.

ட்ரீம்காஸ்ட் மோடம் பக்கவாட்டில் தனித் துண்டாகக் கழன்று வரும், அதனால் துடைப்பது சுலபம். திரும்பச் செருகும்போது கிளிப் "டக்" என்று விழுகிறதா என்று பாருங்கள்.

துடைத்தும் தெரியவில்லை என்றால் பொருத்தமே தப்பாக இருக்கலாம். ஜப்பானில் 1990-ல் வந்த மெகா மோடம், மெகா டிரைவ் பின்னால் இருக்கும் 9 பின் எக்ஸ்டென்ஷன் போர்ட்டில் மாட்டுவது. அந்த போர்ட் முதல் மாடலின் ஆரம்பகாலப் பெட்டிகளில் மட்டும்தான் உண்டு. அதே முதல் மாடலில் பின்னாடி வந்த பெட்டிகளில் அந்த இடம் வெறும் பிளாஸ்டிக். மோடத்தை வாங்கிய பிறகு கன்சோலைத் தேடுவதைவிடக் கன்சோல் பின்பக்கத்தின் போட்டோவை முதலில் கேட்டு வாங்குங்கள்.

மோடத்துக்குப் பதிலாக மாட்டி நெட் கம்பியில் சேர்க்கும் ட்ரீம்காஸ்ட் பிராட்பேண்ட் அடாப்டர் வைத்திருப்பவர்கள் தனி ஜாதி, அந்த விலைக்கு நான் ஒரு பழைய பைக் வாங்கிவிடுவேன். அதைப் போட்டதும் "மோடம் இல்லை" என்று சொல்லும் கேம்கள் உண்டு, அது பழுது இல்லை. குவேக் 3, ஃபேண்டசி ஸ்டார் ஆன்லைன் மாதிரி சில கேம்கள்தான் அந்த அடாப்டரைப் புரிந்துகொள்ளும். சூசூ ராக்கெட்டுக்கு மோடம்தான் வேண்டும். இதிலே இன்னொரு கண்ணி இருக்கிறது. எச்ஐடி-0400 என்பது பிராட்பேண்ட் அடாப்டர், எச்ஐடி-0300 என்பது லேன் அடாப்டர். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி, ஆனால் 0300-ஐ அநேக கேம்கள் சீந்தாது. விற்பவன் இரண்டையும் ஒரே பெயரில்தான் போடுவான், அடியில் இருக்கும் எண்ணைக் கேளுங்கள்.

"டயல் டோன் இல்லை" என்கிறது

இதுதான் எல்லாரும் சிக்கும் இடம், கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

மோடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அதே கம்பியில் சாதாரண போனை மாட்டிக் காதில் வையுங்கள். "டர்ர்ர்" சத்தம் வருகிறதா? வரவில்லை என்றால் மோடம் சொல்வது உண்மை, டயல் டோன் இல்லை, சண்டை முடிந்தது. வருகிறது, ஆனாலும் மோடம் இல்லை என்கிறது என்றால் அடுத்து இரண்டே காரணம்தான்.

ஒன்று, கம்பி. போன் ரிசீவரையும் பெட்டியையும் இணைக்கும் சுருள் கம்பியை எடுத்துச் செருகுபவர்கள் ஏராளம். அதன் பிளக் கொஞ்சம் ஒடுக்கம். ஆர்ஜே11 ஓட்டைக்குள் போகும், பிடித்த மாதிரியும் இருக்கும், ஆனால் பின் சரியாகத் தொடாது. லைன் கம்பியில் நடுவில் இருக்கும் இரண்டு பின்தான் வேலை செய்யும், அந்த இரண்டும் முனைக்கு முனை ஓடுகிறதா என்று மீட்டரில் பீப் வைத்துப் பாருங்கள். மோடத்தில் லைன், போன் என்று இரண்டு ஓட்டை இருந்தால் லைன் என்று போட்டிருப்பதில்தான் மாட்ட வேண்டும்.

இரண்டு, டயல் டோன் சுருதி. இந்தியாவில் டயல் டோன் 400 ஹெர்ட்ஸ், அதை 25 ஹெர்ட்ஸில் நடுங்கவைத்துத் தருவார்கள், அந்த "டர்ர்" அதனால்தான். அமெரிக்காவில் 350-ம் 440-ம் சேர்ந்த நீளமான ஓசை. அமெரிக்க மோடம் அதன் ஊர் ஓசையைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் நம்ம ஊர் ஓசை அதன் காதில் ஏறாமல் போகலாம். கன்சோலில் போட்டு இன்டர்நெட் பார்க்கும் பிரவுசர் டிஸ்க்கின் அமைப்புகளில் டயல் டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும் விருப்பம் இருந்தால் அதைப் போடுங்கள், மோடத்துக்கு முன்கூட்டிக் கட்டளை அனுப்பும் கட்டம் இருந்தால் ATX3 என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். X3 என்றால் டோனுக்குக் காத்திருக்காதே, பிஸி டோனை மட்டும் கவனி என்று அர்த்தம்.

சரி, லைனே இல்லாதவர்கள்? மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி வீட்டிலேயே இருக்கலாம். ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்கும்போது வைத்துவிட்டுப் போன பெட்டியின் பின்னால் பாருங்கள், நெட் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் சின்னதாகப் போன் ஓட்டை ஒன்று இருக்கும். லேண்ட்லைன் எண்ணும் சேர்த்து வாங்கியிருந்தால் அதில் டயல் டோன், லைன் வோல்டேஜ் இரண்டும் வரும். பலர் அதைத் தொட்டதே இல்லை. மோடம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இது போதும், விளையாடப் போதுமா என்பதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது வழி ட்ரீம்பை. ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டர் ஒன்று, யூஎஸ்பி மோடம் ஒன்று. பை தானே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி டயல் டோன் சத்தத்தை ஒலிக்கவிடும், கன்சோல் டயல் செய்யும் எண்களைக் கேட்டுக்கொண்டு, போனை எடுத்து, உங்கள் வீட்டு இன்டர்நெட்டோடு சேர்த்துவிடும். இதில் டயல் டோன் வரவில்லை என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி மோடம்தான் குற்றவாளி. குரல் வசதி உள்ள மோடமாக இருந்தால்தான் சத்தம் ஒலிக்க முடியும். கோனெக்சன்ட் சிப் போட்ட டெல் மோடம்கள் இதற்குப் பேர் போனவை. கம்ப்யூட்டர் பிராசசரை நம்பி ஓடும் சாஃப்ட் மோடம் வகை ஆகாது. பையில் பார்த்தால் டிடிஒய்-ஏசிஎம்0 என்று ஒரு சாதனம் தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் பைக்குக் கொடுக்கும் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள், பழைய மொபைல் சார்ஜர் தாங்காது.

மூன்றாவது, இரண்டு மோடம்களை நேராகக் கம்பியில் கட்டுவது. இங்கேதான் லைன் வோல்டேஜ் சமாச்சாரம் வருகிறது. பழைய எக்ஸ்சேஞ்ச் லைனில் ரிசீவரைக் கீழே வைத்திருக்கும்போது 48 வோல்ட் டிசி நிற்கும், எடுத்ததும் அது 5-க்கும் 10-க்கும் நடுவில் எங்கேயோ விழும், லைனில் ஒரு 20 மில்லி ஆம்பியர் அளவில் கரன்ட் ஓடும். சில மோடம்களின் லைன் பக்கச் சர்க்யூட் அந்தக் கரன்டை உறிஞ்சித்தான் உயிர் பெறும். வெறும் கம்பியில் இரண்டு மோடத்தைக் கட்டினால் கரன்ட் கொடுக்க யாரும் இல்லை. அதனால் இரண்டு கம்பியில் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, இன்னொன்றை நடுவில் வெட்டி, 9 வோல்ட் பேட்டரியையும் 390 ஓம் ரெசிஸ்டரையும் வரிசையாக வைத்து ஒட்டுவார்கள். இரண்டு மோடமும் ஆளுக்குக் கொஞ்சம் வோல்டேஜைத் தின்றுவிடும் என்பதால் 9 போதாமல் போகலாம், அப்போது இரண்டு பேட்டரியைத் தொடராகச் சேர்த்து 18 ஆக்குங்கள். மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் லைனை எடுத்த (ரிசீவரைத் தூக்கிய மாதிரி) நிலையில் 15, 20 ஓடினால் நல்ல அறிகுறி. லாங் பஜார் பக்கம் எனக்குத் தெரிந்த ரிப்பேர்க்கார அண்ணா ஒருவரிடம் இந்தக் கம்பியைச் சால்டர் பண்ணக் கொடுத்தேன். "இன்னாபா இது, டிவி கேமுக்குப் போன் ஒயரு, அதுல பேட்டரி வேற" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஆனால் ஜாயின்ட் சுத்தமாகப் போட்டுக் கொடுத்தார்.

பேட்டரிக் கம்பியை மறந்துகூட உண்மையான டெலிபோன் லைனில் மாட்டாதீர்கள். மணி அடிக்கும்போது அதில் 75 வோல்ட் ஏசி வரும்.

டயல் சத்தம் கேட்கிறது, ஆனால் அந்தப் பக்கம் மணி அடிக்கவில்லை

டயல் செய்யும்போது "டொக் டொக் டொக்" என்று கேட்டால் பல்ஸ், "பீ பா பூ" என்று கேட்டால் டோன். ஜப்பான் டிஸ்க்குகளில் பல்ஸ் 10, பல்ஸ் 20, டோன் என்று கேட்கும், எழுத்து புரியாமல் முதலில் இருப்பதை அழுத்திவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. ட்ரீம்பைக்கும் இன்றைய ஃபைபர் பெட்டிகளில் பலதுக்கும் பல்ஸ் புரியாது. டோனுக்கு மாற்றுங்கள்.

அமெரிக்க டிஸ்க்கில் கால் வெயிட்டிங்கை நிறுத்துவதற்கு எண்ணுக்கு முன்னால் நட்சத்திரம் 70 சேர்க்கும் வழக்கம் உண்டு, வெளி லைனுக்கு முன் எண் போடும் கட்டமும் இருக்கும். இரண்டையும் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அடித்த எண் வேறு, அது டயல் செய்யும் எண் வேறு.

இன்டர்நெட் வழியாகப் போன் பேசும் அடாப்டர் பெட்டி, அதாவது பிஏபி2டி மாதிரி, வைத்திருந்தால் இன்னொரு சங்கதி. கடைசி எண் வந்த பிறகும் "இன்னும் எண் வருமோ" என்று அந்தப் பெட்டி சில விநாடி காத்திருக்கும். அதற்குள் பொறுமையில்லாத கன்சோல் போனை வைத்துவிடும். பெட்டியின் டயல் பிளானில், அதாவது எந்த எண்களை எப்படி டயல் செய்வது என்ற அமைப்பில், நீங்கள் பயன்படுத்தும் எண்ணை நேராக எழுதிவிட்டால் காத்திருப்பு போய்விடும்.

"கீ... ஙொய்ய்" என்று கத்துகிறது, கனெக்ட் ஆகவில்லை, அல்லது ஆகி விழுந்துவிடுகிறது

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்க ட்ரீம்காஸ்ட் மோடத்தில் 56கே என்று போட்டிருக்கும், ஜப்பான், ஐரோப்பா மாடலில் 33.6. இரண்டு அனலாக் மோடங்கள் பேசிக்கொள்ளும்போது 33.6-க்கு மேல் போகவே முடியாது. 56கே என்பது அந்தப் பக்கம் இன்டர்நெட் கம்பெனி டிஜிட்டல் லைனில் நேராக உட்கார்ந்திருந்தால்தான். ஆகவே "என் 56கே மோடம் பாதி வேகத்தில்தான் ஓடுகிறது" என்று அதைப் பழுதுக் கணக்கில் சேர்க்காதீர்கள். சாட்டர்ன் நெட்லிங்க் 28.8, எக்ஸ்பேண்ட் வெறும் 2400 பிட். வேகம் குறையக் குறைய மோசமான லைனைத் தாங்கும் சக்தி கூடும். எக்ஸ்பேண்ட் பிழைக்கும் லைனில் ட்ரீம்காஸ்ட் விழுந்துவிடும்.

லைன் ஃபைபர் பெட்டி வழியாகவோ அடாப்டர் பெட்டி வழியாகவோ போகிறதென்றால், உங்கள் மோடம் சத்தத்தை அது மனுஷக் குரல் என்று நினைத்துக் கையாளுகிறது. குரலைச் சுருக்கும் கோடெக்கில் மோடம் சத்தம் சின்னாபின்னமாகிவிடும். ஜி.711 என்ற கோடெக் ஒன்றுதான் பரவாயில்லை, அதில் நம்ம நாட்டு வழக்கம் ஏ-லா என்ற வகை. அடாப்டர் உங்கள் கையில் இருந்தால் கோடெக்கை அதில் பூட்டுங்கள், எக்கோ கேன்சல் செய்வதை நிறுத்துங்கள், பேச்சில்லாத நேரத்தை வெட்டும் வசதியையும் நிறுத்துங்கள், ஜிட்டர் பஃபரை, அதாவது முன்பின்னாக வரும் சத்தத் துண்டுகளைச் சேர்த்து வைக்கும் இடத்தை, ஆட்டோவில் விடாமல் நிலையாக வையுங்கள். கடைசியில் சொன்னதுதான் பலர் விட்டுவிடுவது. ஆட்டோவில் பஃபர் தன் நீளத்தை மாற்றும் ஒவ்வொரு தடவையும் சத்தத்தில் ஒரு துளி விழும் அல்லது கூடும், பேசும் மனுஷனுக்கு அது தெரியாது, மோடத்துக்கு அது மரண அடி. கம்பெனி வைத்த ஃபைபர் பெட்டியில் இந்த அமைப்புகள் உங்களுக்குத் திறக்காமல் இருக்கலாம். அதனால்தான் அது சோதனைக்கு மட்டும் போதும் என்றேன். பிஏபி2டி-யில் இரண்டு போன் ஓட்டை இருப்பதால் ஒரே பெட்டியில் இரண்டு சாட்டர்னை மாட்டி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கால் போடலாம். டேட்டோனா, செகா ராலி மாதிரி நெட்லிங்க் கேம்கள் ஐந்தும் நேரடியாக எதிராளி வீட்டுக்கு டயல் செய்யும் வகை, நடுவில் சர்வர் கிடையாது, அதனால் 1996-ல் வந்த இந்தச் சாமான் இன்றைக்கும் யாரையும் நம்பாமல் ஓடுகிறது. சேர்ப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான், ட்ரீம்காஸ்டைவிட இது மேல்.

ட்ரீம்பையில் கத்தல் முடிந்ததும் விழுந்தால், யூஎஸ்பி மோடம் பக்கம் +எம்எஸ் கட்டளையால் வேகத்துக்கு உச்சவரம்பு போட்டுக் குறைத்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று விழுந்தால் எஸ்10 பதிவேட்டில் எண்ணைக் கூட்டுங்கள், சிக்னல் ஒரு கணம் காணாமல் போனாலும் மோடம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

இன்னொரு உள்ளூர்க் காரணம்: கரன்ட் போனால் மட்டும் கனெக்‌ஷன் விழுகிறதா? பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டர்கள் "உர்ர்" என்று உறுமும், அந்த உறுமல் லைனிலும் ஏறும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. மே மாத மத்தியானத்தில் கரன்ட் போனால் மோடத்தை விட்டுவிட்டு விசிறியைப் பார்க்கிறதுதான் புத்திசாலித்தனம்.

உண்மையான லேண்ட்லைனில் கால் வெயிட்டிங் இருந்தால் அந்த ஒரு பீப் போதும் எல்லாவற்றையும் கவிழ்க்க. அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் "சர்வருடன் இணைய முடியவில்லை"

இங்கே பழுதுபார்க்க ஒன்றுமில்லை. எக்ஸ்பேண்ட் சேவை 1997-ல் மூடியாச்சு. சூப்பர் ஃபேமிகாமுக்குச் சாட்டிலைட் வழியாகக் கேம் இறக்கிய சாட்டெலாவியூ 1995-ல் தொடங்கி 2000-ல் முடிந்தது. நின்டெண்டோ 64-ல் மாட்டும் டிஸ்க் டிரைவான 64டிடி-யின் இன்டர்நெட் சேவை ராண்ட்நெட் 1999 டிசம்பரிலிருந்து 2001 பிப்ரவரி வரைக்கும்தான், ஒன்றரை வருஷம்கூட இல்லை. 1988-ல் வந்த ஃபேமிகாம் மோடம் ஷேர் வாங்கி விற்கவும் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டவும் பயன்பட்டது, கேமுக்கே அது அதிகம் உதவவில்லை. இதையெல்லாம் வாங்குகிறவர்கள் மெனு திரை வருகிறதா, லைனை எடுக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு அலமாரியில் வையுங்கள்.

ட்ரீம்காஸ்ட் கனெக்ட் ஆகிறது, ஆனால் பிரவுசரில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால், இன்றைய தளங்கள் கேட்கும் பாதுகாப்புப் பூட்டு அந்தப் பிரவுசருக்குத் தெரியாது. பழைய பாணியில் பூட்டில்லாத ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள், வந்தால் எல்லாம் நலம். ஒவ்வொரு தடவையும் தேதி கேட்கிறதா? உள்ளே பேட்டரி போச்சு. ட்ரீம்காஸ்டில் இருப்பது சார்ஜ் ஏறும் வகை. அந்த இடத்தில் சாதாரண சிஆர்2032-ஐ ஒட்டாதீர்கள், எம்எல்2032 தேடுங்கள். சாட்டர்னுக்கு சாதாரண சிஆர்2032-தான், பின்னால் கதவைத் திறந்து மாற்றிவிடலாம்.

மோடம் லைனை எடுக்கவே மாட்டேன் என்கிறது

இதுவரை எதுவும் பொருந்தவில்லை என்றால்தான் மோடத்தைச் சந்தேகப்படுவது நியாயம். டயல் டோன் உள்ள லைனில் மீட்டரை டிசி வோல்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு கன்சோலில் டயல் கொடுங்கள். 48 சட்டென்று 10-க்குக் கீழே விழுந்தால் மோடம் லைனை எடுத்துவிட்டது, பிரச்சினை வேறெங்கோ. 48 அசையவே இல்லை என்றால் லைன் பக்கச் சர்க்யூட் போயிருக்கும். "க்ளிக்" சத்தம் வரவில்லையே என்று மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், சில மோடங்களில் இருப்பது சத்தம் போடாத எலக்ட்ரானிக் ரிலே.

கம்பியை எல்லாம் கழற்றிவிட்டு மோடத்தின் போன் ஓட்டையில் நடு இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் பாருங்கள். சும்மா இருக்கும்போது திறந்த சர்க்யூட்டாக இருக்க வேண்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இடி தாங்குவதற்கு வைத்த சின்ன வில்லை ஷார்ட் ஆகியிருக்கிறது. அது தன் உயிரைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கலாம், அதை எடுத்துவிட்டு அதே அளவில் புதிது போட்டால் மோடம் பிழைத்துக்கொள்ளும். திறந்து பார்த்தால் ஓட்டைக்குப் பக்கத்தில் தாமிரத் தடம் கருகி உரிந்து நிற்பதையும் பார்க்கலாம், மெல்லிய கம்பி ஒன்றால் பாலம் போடலாம். அதற்கடுத்து சர்க்கரைக் கட்டி அளவு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கும். அதன் லைன் பக்கச் சுற்றில் சில பத்திலிருந்து சில நூறு ஓம் வரைக்கும் காட்ட வேண்டும், ஒன்றுமே காட்டவில்லை என்றால் சுற்று அறுந்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் மோடம் கார்டு ஒன்றை ஸ்கிராப்பில் எடுத்தால் இதே மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும்.

ஏப்ரல் மே மாதத்தில் சாயந்தரம் திடீரென்று மேகம் கட்டிக்கொண்டு இடிக்கும் பாருங்கள், அந்தச் சமயத்தில் வெளியே இருந்து வரும் செம்பு லைனில் மோடத்தை மாட்டி வைத்திருக்காதீர்கள்.

மோடம் இல்லாத மற்ற ஒட்டுச் சாமான்கள், சுருக்கமாக

மெகா டிரைவ் மேல் செருகும் 32எக்ஸ் போட்டால் திரை கருப்பா? மெகா டிரைவிலிருந்து 32எக்ஸுக்குப் போகும் படக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல் படம் வராது. அதற்குத் தனி அடாப்டரும் வேண்டும். அந்தக் கம்பி இல்லாமல்தான் பாதிப் பேர் விற்கிறார்கள்.

நின்டெண்டோ 64-ல் சிவப்பு விளக்கு எரிந்து படம் இல்லையென்றால் முன்பக்க மூடியைத் திறங்கள். ஜம்பர் பேக்கோ எக்ஸ்பான்ஷன் பேக்கோ ஏதாவது ஒன்று அதில் இருந்தே ஆக வேண்டும்.

ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம் பிழை எண்ணைத் தானே சொல்லிவிடும். 01 என்றால் டிஸ்க் உட்காரவில்லை, 02 என்றால் பேட்டரி அல்லது கரன்ட் பற்றவில்லை, 07 என்றால் டிஸ்க்கைத் தப்பான பக்கம் போட்டிருக்கிறீர்கள். 20-களில் எண் வந்தால் படிப்பதில் சிக்கல், நம்ம ஊர் வெயிலுக்கு அநேகமாக உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகியிருக்கும். அந்தத் தாரை ஆல்கஹாலும் பஞ்சும் வைத்து முழுசாக எடுக்காமல் புதுப் பெல்ட் போட்டால் அதுவும் வழுக்கும்.

கடைசியாக, இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கும் பிளேஸ்டேஷன் 2. நெட்வொர்க் அடாப்டர் பழைய தடித்த மாடலுக்குத்தான், மெலிந்த மாடலில் ஈதர்நெட் உள்ளேயே இருக்கிறது. அடாப்டரின் இரண்டு ஸ்குரூவையும் கையால் முழுசாக முறுக்குங்கள், பாதி முறுக்கினால் விளக்கு எரியும், வேலை செய்யாது. கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க்கில் கேம் ஏற்ற முயன்று ஃபோல்டர் தெரியவில்லை என்றால் கன்சோலைக் குறை சொல்லாதீர்கள். ஃபோல்டரைப் பகிர அது பேசும் எஸ்எம்பி1 மொழியை, விண்டோஸ் 10-ல் 2017 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து முன்கூட்டியே அணைத்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் போய் அதை ஆன் செய்தால் தெரியும். அது பாதுகாப்பில்லாத பழைய மொழி என்பதால் வேலை பார்க்கும் லேப்டாப்பில் செய்யாமல், இதற்கென்று ஒரு பழைய கம்ப்யூட்டரை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.